லிண்டாவும் சித்தப்பாவின் பெட்டியும்

சனிக்கிழமை மாலை நாலு மணி என்றால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும்.

2000-ஆவது வருஷம். சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் புரோகிராமர் உத்தியோகம். ஒரு பார்சல் சர்வீஸுக்கு ஸாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருந்தோம். அது ஓடும் கம்ப்யூட்டர் திங்கட்கிழமை காலையில் குளித்து முழுகி விபூதி இட்டுக்கொண்ட மாதிரி சுறுசுறுப்பாக ஆரம்பிக்கும். புதன்கிழமை வரை குதிரை. வெள்ளிக்கிழமை மூச்சு வாங்கும். சனிக்கிழமை நாலு மணிக்கு, 'மெமரி தீர்ந்துவிட்டது' என்று இங்கிலீஷில் ஒரு வரி காட்டிவிட்டுப் படுத்துவிடும். எங்கள் மேனேஜர் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, "சனிக்கிழமை ராகுகாலம் காலைல பத்தரைக்கே முடிஞ்சிடுதேய்யா!" என்று நிஜமாகவே கவலைப்பட்டார்.

ராகு பேரில் தப்பில்லை. தப்பு என் பேரில். குப்பையை அள்ள மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்பதைவிட, எது குப்பை என்று எனக்குத் தெரியவில்லை என்பதுதான் சரி. அதைத் தெரிந்துகொண்டுவிட்டதாக நான் நினைத்த நேரத்தில் எங்கள் வீட்டில் ஒரு காரியம் செய்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நடுவில் கொஞ்சம் கம்ப்யூட்டர் வரும். பயப்படாதீர்கள்.

முதலில் லிண்டாவை அறிமுகப்படுத்த வேண்டும். லிண்டா பெண் அல்ல. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்து டேவிட் கெலர்ன்ட்டர் யோசித்த ஒரு முறை. 1985-ல் அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை பிரபலம். (பெயர்க் காரணம்: அமெரிக்க ராணுவ இலாகா 'ஏடா' என்று ஒரு கம்ப்யூட்டர் மொழியைக் கொண்டுவந்து, ஏடா லவ்லேஸ் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கணித மேதையின் பெயரை அதற்குச் சூட்டியிருந்தது. கெலர்ன்ட்டர் குறும்புக்காரர். லவ்லேஸ் என்றே பெயருள்ள இன்னொரு அம்மணியின் முதல் பெயரைத் தேர்ந்தெடுத்தார். அந்த அம்மணி எந்த மாதிரி சினிமாவில் நடித்தவர் என்று எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.)

விஷயம் சுலபம். பத்து ஊரில் பத்து கம்ப்யூட்டர். சேர்ந்து வேலை செய்ய வேண்டும். ஒன்றுக்கொன்று போன் மாதிரி நேருக்கு நேர் பேசலாம். ஆனால் அதற்கு எதிராளியின் நம்பர் தெரியவேண்டும், அவர் அந்த நேரத்தில் இருக்கவும் வேண்டும். கெலர்ன்ட்டர் சொன்னார்: பொதுவில் ஒரு பலகை மாட்டு. சொல்லவேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டிவிட்டுப் போ. வேண்டியவன் வந்து எடுத்துக்கொள்வான்.

பலகைக்கு டியூபிள் ஸ்பேஸ் என்று பெயர். சீட்டுக்கு டியூபிள். முக்கியமாக மூன்றே காரியங்கள். சீட்டைப் போடலாம், எடுக்கலாம், எடுக்காமல் படித்துவிட்டு மட்டும் போகலாம். சீட்டில் 'பெறுநர்' என்று யார் பெயரும் இருக்காது. வருகிறவன் அடையாளம் சொல்லித் தேடுவான்: 'திருச்சிக்குப் போகிற பார்சல், ஐம்பது கிலோ, நம்பர் எதுவானாலும் சரி.' பொருந்துகிற சீட்டு கைக்கு வரும். இல்லாவிட்டால் வரும்வரை காத்துக்கிடப்பான். போட்டவன் போய்ச் சேர்ந்துவிட்டாலும் சீட்டு பலகையில் இருக்கும். போட்டவனும் எடுப்பவனும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஒரே காலத்தில் உயிரோடு இருக்கவேண்டும் என்றுகூட இல்லை! முதல் தடவை படித்தபோது எனக்குப் புல்லரித்தது.

அதைப் பார்த்து நாங்களே தைத்துக்கொண்ட சட்டைதான் பார்சல் ஸாஃப்ட்வேர். மதுரை கிளை ஒரு மூட்டையை வாங்கியதும் ஒரு சீட்டு போடும். லாரி ஏற்பாடு செய்யும் புரோகிராம் அதை எடுத்துக்கொண்டு, 'இன்ன லாரியில் வருகிறது' என்று வேறு சீட்டு போடும். அதை வழியிலுள்ள நாலைந்து கிளைகள் படிக்கும். புதிதாக ஒரு கிளை திறந்தால் யாரிடமும் சொல்லவேண்டாம். அது பாட்டுக்கு வந்து பலகையைப் பார்க்க ஆரம்பித்துவிடலாம். யாரும் வரலாம், யாரும் போகலாம். இந்த மாதிரி ஏற்பாட்டுக்குத் திறந்த அமைப்பு என்று பெயர்.

திறந்த வீட்டில் நாய் நுழையும் என்பார்கள். எங்கள் வீட்டில் குப்பை நுழைந்தது. லாரிச் சீட்டைப் பல பேர் படிக்கவேண்டியிருந்ததால் யாரும் அதைக் கிழிக்கக்கூடாது என்று விதி. நான் போட்ட விதி. படித்தவர்கள் படித்துவிட்டுப் போனார்கள். சீட்டுகள் போகவில்லை. சனிக்கிழமைக்குள் பலகையில் எள் போட இடமில்லை.

"பழசைத் தூக்கிப் போடேன்யா" என்றார் மேனேஜர்.

சொல்வது எளிது. ஒரே கம்ப்யூட்டருக்குள் குப்பை அள்ளுவது பழைய வித்தை. 1960-லேயே ஜான் மெக்கார்த்தி, லிஸ்ப் மொழிக்காகச் சொல்லிவிட்டார்: கையிலிருக்கும் நூலைப் பிடித்துக்கொண்டே போய், எட்டுகிற பொருளுக்கெல்லாம் ஒரு புள்ளி வை, புள்ளி விழாதது குப்பை. அதே 1960-ல் ஜார்ஜ் காலின்ஸ் வேறொரு வழி சொன்னார்: ஒவ்வொரு பொருளும் தன்னை எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளட்டும், கணக்கு பூஜ்யமானால் தூக்கிப் போடு.

இந்தக் கணக்கைப் பல ஊருக்கு நீட்டும்போதுதான் தகராறு. உதாரணமாக, என் வீட்டில் உங்கள் பெட்டி ஒன்று இருக்கிறது. சாவி உங்களிடம். நீங்கள் சாவியை ஒரு நண்பருக்குத் தபாலில் அனுப்பிவிட்டு, 'எனக்கு இனிமேல் பெட்டி வேண்டாம்' என்று எனக்கு ஒரு கார்டு போடுகிறீர்கள். நண்பர் சாவியைப் பெற்றுக்கொண்டு, 'இனிமேல் நான்தான்' என்று ஒரு கார்டு போடுகிறார். உங்கள் கார்டு முதலில் வந்து சேர்ந்தால்? என் கணக்கில் பூஜ்யம். பெட்டி போயாச்சு. நண்பரின் கார்டு மறுநாள் வருகிறது. இதைத் தடுக்க வழிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு நிபந்தனை, சாவி கைமாறும்போது முறைப்படி சொல்லியாக வேண்டும் என்பது.

லிண்டாவில் இன்னும் மோசம். சீட்டுக்கு சாவியே கிடையாது! நாளைக் காலையில் முன்பின் தெரியாத ஒரு புரோகிராம் உள்ளே வந்து, அடையாளம் சொல்லி, 'அந்தச் சீட்டு இருக்கிறதா?' என்று கேட்கலாம். அந்த புரோகிராம் இன்னும் எழுதப்படாமலே இருக்கலாம். எழுதப்போகிற பையன் ஆறாம் வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாட்டோடு மாரடித்துக்கொண்டிருக்கலாம். ஆக, கறாராகப் பார்த்தால் பலகையில் எந்தச் சீட்டும் குப்பை இல்லை.

இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்தில் ரொனால்டோ மெனெசெஸும் ஆலன் வுட்டும் 1990-களின் பிற்பகுதியில் இதோடு மல்லுக்கட்டினார்கள். சீட்டை விடு, பலகையைப் பார் என்பது அவர்கள் வழி. ஒன்றல்ல, பல பலகைகள் உண்டு. இன்ன பலகை என்று தெரிந்தவன்தான் அதைப் பார்க்க முடியும். எந்த புரோகிராமுக்கு எந்தப் பலகை தெரியும் என்று படம் போட்டு வைத்துக்கொண்டால், யாராலும் எட்ட முடியாத பலகையைச் சீட்டுகளோடு மொத்தமாகக் கழற்றிவிடலாம். அழகான யோசனை. ஆனால் யார் உள்ளே வருகிறார்கள், யார் வெளியே போகிறார்கள் என்று வாசலில் கணக்கு இருக்கவேண்டும். எங்கள் கிளைகளோ டயல்-அப் போனில் வருபவை. 'போய்விட்டு வருகிறேன்' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. மழை பெய்தால் போய்விடும்.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது குத்தகை. ஸ்டான்ஃபோர்டில் கேரி கிரே, டேவிட் செரிட்டன் என்ற இருவர் 1989-ல் ஃபைல்களின் நகல்களுக்காகச் சொன்ன விஷயம் இது. எதையும் சும்மா கொடுக்காதே, கெடு வைத்துக் கொடு. கெடு முடியுமுன் வந்து கேட்டால் நீட்டிப்பு. கேட்காவிட்டால் முடிந்தது. எதிராளி செத்தானா, தூங்குகிறானா, லைன்தான் கட்டா என்று ஆராயவேண்டாம். ஆராய்ந்தும் பிரயோஜனமில்லை. பதில் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று உச்சவரம்பு இல்லாத இடத்தில், செத்தவனையும் தாமதமாகப் பேசுகிறவனையும் தூரத்திலிருந்து பிரித்தறிய முடியாது. இது தரும் சங்கடத்தை ஃபிஷர், லின்ச், பேட்டர்ஸன் என்ற மூவர் 1985-லேயே கணிதமாக நிரூபித்துவிட்டார்கள்.

சன் கம்பெனியின் ஜாவாவில் தூரத்துப் பொருளைப் பிடித்துக்கொண்டிருக்க வழக்கமான கெடு பத்து நிமிஷம். ஜினி என்ற ஏற்பாட்டோடு அவர்கள் கொண்டுவந்த ஜாவாஸ்பேஸஸ், லிண்டாவுக்குப் பேத்தி முறை. அதில் சீட்டு போடும்போதே கெடு கேட்கவேண்டும். 'ஃபார் எவர்' என்றும் கேட்கலாம். தருகிறவர் குறைத்துத் தரலாம். (சன் கம்பெனியின் கெடுவே 2010-ல் முடிந்து ஆரக்கிள் வாங்கிக்கொண்டது வேறு கதை.)

எல்லா லாரிச் சீட்டுக்கும் நான் இரண்டு நாள் கெடு வைத்தேன். அந்த சனிக்கிழமை நாலு மணி வந்தது, போனது. கம்ப்யூட்டர் நின்று விளையாடியது. மேனேஜர் எல்லாருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார்.

போண்டா தலைக்கேறிய நிலையில்தான் 2001 பொங்கலுக்கு, கும்பகோணம் பக்கத்தில் எங்கள் ஊருக்குப் போனேன். ஓட்டு வீட்டைப் பிரித்துத் தளம் போடுவதாக ஏற்பாடு. போகிக்கு முந்தின நாள் பரணைக் காலி செய்ய ஏறினேன். அண்டா, குண்டான், கால் உடைந்த தொட்டில், மேற்கு மூலையில் சித்தப்பாவின் டிரங்குப் பெட்டி.

சித்தப்பா 1971-ல் தாத்தாவோடு சண்டை போட்டுக்கொண்டு பம்பாய்க்குப் போனவர். அதற்கப்புறம் வரவே இல்லை. வருஷா வருஷம் பொங்கலுக்கு ஒரு கார்டு மட்டும் வரும், அம்மாவின் பேருக்கு. 'அண்ணிக்கு நமஸ்காரம். சௌக்கியம். பெட்டி பத்திரம்.' இவ்வளவுதான். அம்மா அதை மூன்று தடவை படித்துவிட்டு அரிசி டின்னுக்குப் பின்னால் செருகி வைப்பாள். 1996-ல் வந்ததுதான் கடைசி கார்டு.

"உங்க சித்தப்பா பெட்டிடா" என்றாள் அம்மா கீழேயிருந்து.

"கார்டு வந்து அஞ்சு வருஷம் ஆச்சும்மா."

"அதனால?"

"அதனால, வேண்டாம்னு அர்த்தம்."

"அப்படின்னு அவர் சொன்னாரா?"

நான் இறங்கி வந்து, அம்மாவை உட்காரவைத்து, குத்தகைத் தத்துவத்தை விளக்கினேன். வருஷா வருஷம் வந்த கார்டு இருக்கிறதே, அதுதான் புதுப்பித்தல். அது நின்றால் கெடு முடிந்தது. உலகத்தில் பெரிய பெரிய கம்ப்யூட்டர்களெல்லாம் இப்படித்தான் நடக்கின்றன. அம்மா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். ஐந்தாவது வரை படித்தவள்.

"குத்தகைன்னா ரெண்டு பேரும் ஒத்துக்கணுமில்ல? இப்படி ஒரு கெடு இருக்குன்னு அவருக்குத் தெரியுமா?"

அசட்டுக் கேள்வி என்று நினைத்தேன். சிரித்துவிட்டேன்கூட.

பூட்டை உடைத்துத் திறந்தேன். இரண்டு வேட்டி, ரசம் போன ஒரு ஷேவிங் கண்ணாடி, நாலு நீளமான நோட்டுகள். ஊதா மசியில் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தது. கரப்பான் அரித்த பக்கங்கள். இரண்டு வரி படித்தேனா என்றுகூட ஞாபகமில்லை. பெட்டி காயலான் கடைக்கு முப்பத்தைந்து ரூபாய்க்குப் போயிற்று. நோட்டுகள் விடியற்காலையில் போகித் தீயில். பழைய காகிதம் நன்றாக எரியும்.

அம்மா அன்றைக்கு வாசலுக்கே வரவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் எங்கள் கிளை ஒன்றின் போன் லைன் மூன்று நாள் செத்துக் கிடந்தது. அந்தக் கிளைக்கு வரும் பார்சல்களின் லாரிச் சீட்டுகளெல்லாம் இரண்டாம் நாளே கெடு முடிந்து மறைந்துவிட்டன. மூன்றாம் நாள் லைன் உயிர் பெற்று, கிளை ஆவலோடு பலகையைப் பார்த்தது, சுத்தமாக இருந்தது. லாரிகள் வந்து இறக்கிவிட்டுப் போன மூட்டைகள் யாருடையது என்று தெரியாமல் கோடவுனில் கிடந்தன. அதில் ஒன்று கல்யாணப் பத்திரிகை கட்டு. முகூர்த்தம் முடிந்து நாலாம் நாள் போய்ச் சேர்ந்தது. பெண்ணின் அப்பா கவுண்டரில் நின்று கத்தவில்லையாம், அழுதாராம். இதை எனக்குச் சொன்ன கிளை மேனேஜர், "சார், கத்தியிருந்தா சமாளிச்சிருப்பேன்" என்றார்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. கெடுவைக் கேட்டு வாங்கியது யார்? சீட்டைப் போட்டவன். கெடு முடிந்ததால் நஷ்டப்பட்டது யார்? படிக்கவேண்டியவன். அவனை யாரும் கேட்கவே இல்லை. அப்படி ஒருவன் இருக்கிறான் என்பதே பலகைக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் லிண்டாவின் அழகு என்று புல்லரித்தவனும் நான்தான். கெடுவை இரண்டு நாளிலிருந்து பத்து நாளாக்கினேன். போகிற சீட்டுகளை அழிக்காமல் டிஸ்க்கில் ஒரு மூலையில் எழுதிவைக்கச் செய்தேன். கம்ப்யூட்டர் பாஷையில் அதுதான் பரண்.

2004 அக்டோபர். நல்ல மழை. நான் லீவில் ஊரில் இருந்தேன். வாசலில் ஒரு பெண், இருபத்தைந்து வயதிருக்கும், குடையை மடக்கிக்கொண்டே, "பெரியம்மா இருக்காங்களா?" என்றாள். தமிழ் கொஞ்சம் தடுக்கியது. மூக்கைப் பார்த்ததும் அம்மா எழுந்துவிட்டாள். தாத்தாவின் மூக்கு.

சித்தப்பாவின் பெண். சித்தப்பாவுக்கு 1996 கடைசியில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டதாம். பேச்சும் குளறல். ஏழு வருஷம் அப்படியே இருந்து, போன வருஷம்தான் போனாராம்.

"நீயாவது ஒரு கார்டு போட்டிருக்கலாமேம்மா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எனக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது அண்ணா."

காபி குடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தாள். "அப்பா நாடகம் எழுதுவாராம், சின்ன வயசில. கடைசில அதையேதான் சொல்லிட்டிருந்தார். பரண்ல, மேற்கு மூலையில, பெட்டியில நாலு நோட்டு இருக்கு, போய் வாங்கிக்கோ, அண்ணி தூக்கிப் போட மாட்டாங்கன்னு... யாரையாவது படிச்சுச் சொல்லச் சொல்லிக் கேக்கலாம்னு வந்தேன்."

சாவி கைமாறியிருக்கிறது. எங்களுக்குத்தான் கார்டு வரவில்லை.

நான் வாயைத் திறக்குமுன் அம்மா சொன்னாள்: "ஓட்டு வீடும்மா அப்போ. ஒரு மழையில மொத்தமா ஒழுகி எல்லாம் நனைஞ்சு கூழாப் போச்சு. நான்தான் பாக்காம விட்டுட்டேன்." என் அம்மா அதற்கு முன்னால் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பெண் மேலே நிமிர்ந்து புதுத் தளத்தைப் பார்த்தாள். நான் நடைக்குப் போய், இல்லாத செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சாயந்திரம் மழை விட்டதும் கிளம்பிப் போனாள். குடையை மறந்துவிட்டுப் போய்விட்டாள். அம்மா அதைத் துடைத்துக் கூடத்து ஆணியில் மாட்டினாள். 2011-ல் அம்மா போகிறவரைக்கும் அந்தக் குடையை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு.

இன்றைக்கும் குத்தகைதான் ராஜா. உங்கள் வீட்டு வை-ஃபை பெட்டி உங்கள் செல்போனுக்குக் கொடுக்கும் விலாசம்கூடக் கெடு வைத்ததுதான். ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை மேய்க்கும் குபர்னெட்டிஸில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் பத்து நொடிக்கு ஒரு தரம் 'சௌக்கியம்' என்று கார்டு போடவேண்டும். நின்றுபோனால் வழக்கமாக ஐந்து நிமிஷம் பொறுத்துவிட்டு அதன் வேலைகளை வேறு இடத்துக்கு மாற்றிவிடும். ஆனால் அடையாளமும் சொந்தச் சரக்கும் உள்ள சில வகை வேலைகளை மட்டும் மாற்றாது. அந்த கம்ப்யூட்டர் நிஜமாகவே போய்விட்டது என்று மனுஷன் ஒருவன் வந்து சொல்லும்வரை காத்திருக்கும். அந்தப் பகுதியை முதலில் படித்தபோது, முறத்தோடு உட்கார்ந்திருந்த அம்மா ஞாபகத்துக்கு வந்தாள்.

சித்தப்பா பெண்ணிடம் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. இதை இங்கே தைரியமாக எழுதுவதற்கும் அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதுதான் காரணம். அவள் பையன் இப்போது தமிழ் கற்றுக்கொள்வதாகக் கேள்வி, பார்க்கலாம். வருஷா வருஷம் பொங்கலன்று நான்தான் போன் பண்ணுகிறேன். மூன்று நிமிஷப் பேச்சு. கடைசியில் அவள் தவறாமல் கேட்பாள்:

"என் குடை பத்திரமா இருக்கா அண்ணா?"

"இருக்கும்மா."

இரண்டு கம்பி துருப்பிடித்து உடைந்துவிட்டதைச் சொல்வதில்லை. போகிக்கு முந்தின நாளெல்லாம் என் மனைவி ஆணியைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், பிறகு அதைச் சுற்றி ஒட்டடை அடித்துவிட்டுப் போய்விடுவாள்.